வேகம் கூடினால் ஓடு!

அத்தியாயம் ஆறு

மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை என்று தெரிந்ததும் லொள்ளு முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, நீங்க மேல போய்த் துப்பறிங்க. கொலைகாரன் யாருன்னு ஜன்னல் வழியா கத்துங்க. நான் இங்கயே இருந்து கைதட்டுறேன்."

"கொலை இன்னும் நடக்கல. எழுந்து வா."

அந்த 'இன்னும்' அவனை உட்கார விடவில்லை. எழுந்து நடந்தான்.

லொள்ளு என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. வாயால் கிடைத்த பெயர். அதே வாயால் போன வேலைகள் பல. கடைசியில் அவனுடைய அண்ணன், "இவனை மேய்க்க உன்னாலதான் முடியும்" என்று சொல்லித் தன் மனைவியிடமே உதவியாளனாக ஒப்படைத்துவிட்டார். அண்ணி ஒரு காலத்தில் மென்பொருள் கம்பெனியில் மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். அங்கே தப்பு செய்தவன் மாட்டிக்கொண்டாலும் சம்பள உயர்வு வாங்கிக்கொண்டு போனான். அது பொறுக்காமல் வெளியே வந்து துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். லொள்ளுவைப் பற்றி அண்ணிக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. அவன் ஜோக் அடிக்கிறான் என்றால் பயந்திருக்கிறான் என்று அர்த்தம். நிறைய ஜோக் அடித்தால் நிறைய பயம்.

கதவைத் தட்டியதும் உள்ளே நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. ஒரு தாழ்ப்பாள், இன்னொரு தாழ்ப்பாள், அப்புறம் சங்கிலி. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"யாரு?"

"நீங்க போன் பண்ணினீங்களேம்மா. துப்பறியும் ஆபீஸ்."

"பேங்க் லாக்கர்கூட இதைவிடச் சீக்கிரம் திறக்கும்" என்று முணுமுணுத்தான் லொள்ளு. அண்ணி அவன் காலை மிதித்தாள்.

கதவைத் திறந்தவள் ஒரு புரோகிராமர். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். தூக்கம் என்ற ஒன்றைப் பார்த்துப் பல நாள் ஆன முகம். ஹாலில் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஜன்னல் திரைகள் பட்டப்பகலிலேயே மூடியிருந்தன. சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு கனத்த ஆள் ஒருவர் நின்றார். அவளுடைய அண்ணன். வாடகை வேன் ஓட்டுகிறவர். தங்கையின் சாமான்களை ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்றி இறக்கியவர் அவர்தான். அந்த வேன்காரரின் முகம் உர்ரென்று இருந்தது. உள்ளறையில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

"பாப்பா அவ்வளவா பேச மாட்டா" என்றாள் தாய்.

"முதல்லருந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

புரோகிராமர் தாழ்ந்த குரலில் சொன்னாள். அடி தாங்க முடியாமல் கணவனை விட்டு வந்தவள் அவள். குழந்தையின் பக்கம் அவன் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. ஊர் மாறி வந்தாள். போன் மாற்றினாள், மெயில் மாற்றினாள், கம்ப்யூட்டர்கூடப் புதிதாக வாங்கினாள். ஆனாலும் குடிவந்த சில வாரத்தில் ஒரு காலை வாசலில் ஒரு ஜோடி குழந்தை ஷூ இருந்தது. பாப்பாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் அளவு.

"பாப்பா கால் வளர்ந்ததுகூட அவருக்குத் தெரிஞ்சிருக்கு மேடம். வீட்டை மாத்தினேன். அங்கயும் வந்தது. அதைவிட ஒரு சைஸ் பெருசு." அவள் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். "ஆனா அந்தத் தடவை வாசல்ல இல்ல. உள்ள. பாப்பா தூங்குற கட்டில் பக்கத்துல. உடனே இங்க மாறினோம். வந்து ரெண்டு நாள்தான் ஆகுது."

லொள்ளுவின் கண் தானாகவே வாசல் தாழ்ப்பாளைப் பார்த்தது.

"போலீஸ்?" என்றாள் அண்ணி.

"ஷூ வாங்கிக் கொடுக்குறது குற்றமாம்மான்னு கேட்டாங்க. வெச்சது அவர்தான்னு என்ன சாட்சின்னாங்க. நேர்ல வந்து மாட்டினா மட்டும்தான் கோர்ட் உத்தரவு செல்லும்."

"இந்த அட்ரஸ் யாருக்கெல்லாம் தெரியும்?"

சுவரோரம் நின்ற வேன்காரர்தான் பேசினார். "எனக்கு மட்டும்தான் தெரியும். அதான் பிரச்சினையே. ரெண்டு நாளா இவ என்கிட்ட சரியா முகம் கொடுத்துப் பேசல. கூடப் பொறந்தவனையே சந்தேகப்படுறா. கேளுங்க, அப்படி இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

"அண்ணா, நான் அப்படிச் சொல்லலை..."

"சொல்லல. நினைச்சே."

அவள் அழ ஆரம்பித்தாள். வேன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

"நீங்க வேலை பார்க்குற மேஜையைக் காட்டுங்க" என்றாள் அண்ணி.

மேஜை ஹாலின் மூலையில் சுவரைப் பார்த்து இருந்தது. மேலே ஒரு லேப்டாப். அதன் உள்விசிறி உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் வந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மாவு மில் பக்கத்தில் இருக்கிறது போல என்று லொள்ளு நினைத்திருந்தான்.

"எப்பவும் இப்படித்தானா?" என்றாள் அண்ணி.

"பெரும்பாலும். விண்டோஸ் இல்ல, லினக்ஸ்தான் போட்டிருக்கேன். புரோகிராம் எழுதுற எடிட்டர் ஜாவாவுல ஓடுறது. கொஞ்சம் கனம்தான். எங்க ஆஃபீஸ்ல எல்லாருக்கும் இதே புலம்பல்தான் மேடம்."

அண்ணி விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினாள். திரை யோசித்தது. யோசித்து முடித்து, போனால் போகிறதென்று அந்த எழுத்தைக் காட்டியது.

"எங்க வீட்டு கேஸ் கனெக்‌ஷன் இதைவிட சீக்கிரம் வந்தது" என்றான் லொள்ளு.

திரையின் கீழ் மூலையில் மஞ்சளாக ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. புரோகிராமர் பழக்க தோஷத்தில் அதை மூடப் போனாள். அண்ணி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இது என்ன?"

"அது ஒண்ணும் இல்ல மேடம். அடிக்கடி வரும். எடிட்டர் நம்ம ஃபோல்டரை எல்லாம் கண்காணிச்சுக்கிட்டே இருக்கும். ஃபைல் மாறினா அதுக்குத் தெரியணும் இல்லையா? ஒரு ஆள் கணக்குல இத்தனை ஃபோல்டரைத்தான் கண்காணிக்கலாம்னு லினக்ஸ்ல ஒரு வரம்பு இருக்கு. அது தீர்ந்துபோச்சுன்னு சொல்லுது. வரம்பைக் கூட்டி வெச்சா போயிடும். எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. நானே பலதடவை கூட்டிட்டேன்."

"கூட்டினப்புறமும் வருதா?"

"கொஞ்ச நாள் கழிச்சு வரும். மறுபடி கூட்டுவேன்."

அண்ணி லொள்ளுவின் பக்கம் திரும்பினாள். "தியேட்டருக்குப் போறே. சீட் ஃபுல்லுங்குறான். என்ன கேட்பே?"

"பிளாக்ல டிக்கெட் கிடைக்குமான்னு கேட்பேன்."

"இவங்க சீட்டைக் கூட்டிக்கிட்டே போயிருக்காங்க. படமோ ஒரே ஒரு ஆள் பார்க்குற படம். அப்புறம் எப்படி சீட் ஃபுல்லாச்சு? உள்ள யாரு உட்கார்ந்திருக்கான்னு ஒருத்தரும் எட்டிப் பார்க்கல."

புரோகிராமரின் அழுகை நின்றது. அண்ணி சொன்னதன் அர்த்தம் அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, ஃபோல்டர்களைக் கண்காணிக்கும் புரோகிராம்கள் என்னென்ன என்று கேட்டாள். இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தாள்.

பதில் வந்தது. எடிட்டர் பெயரில் கொஞ்சம். இன்னொரு பெயரில் மிச்சம் எல்லாம். எழுத்துரு சம்பந்தப்பட்ட ஏதோ சாதாரணப் பெயர், யாரும் இரண்டாவது முறை பார்க்காத பெயர்.

"இதை நான் போடல" என்றாள் புரோகிராமர். "இது என்ன பார்க்குதுன்னு... ஐயோ. என் வீட்டு வாடகை பேப்பர் இருக்குற ஃபோல்டர். பாப்பா ஸ்கூல் ஃபோல்டர். போட்டோ. மெயில். எல்லாத்தையும் பார்க்குது."

"இதை ஆரம்பிச்சு வைக்கிறது யாரு?"

மறுபடி தட்டினாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் எடிட்டர். எடிட்டரை நான் திறக்குறப்பல்லாம் அதுதான் இதைக் கிளப்பி விடுது."

அண்ணி சட்டென்று உதட்டில் விரல் வைத்தாள். பிறகு லேப்டாப்பின் மேல் விளிம்பில் டேப் ஒட்டி மூடியிருந்த சின்னக் கண்ணாடிப் பொட்டைக் காட்டினாள். கேமரா. அதன் பக்கத்தில் ஊசி முனை அளவு மூடாத ஒரு துளை. மைக்.

லொள்ளு சட்டென்று ஓரமாக நகர்ந்தான். இவ்வளவு நேரம் அந்தக் காதுக்கு நேரே நின்றுகொண்டல்லவா அவன் கேஸ் கனெக்‌ஷன் பற்றிப் பேசினான்!

"ஒண்ணும் இல்லம்மா" என்று அண்ணி உரக்கச் சொன்னாள். குரலில் துளி மாற்றம் இல்லை. "மெமரி பத்தல. ஜாவாவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தா சரியாயிடும். நாங்க கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவங்கதானே, எத்தனை பார்த்திருக்கோம். வாங்க, ஒரு டீ போடுங்க. குடிச்சுட்டு வந்து பார்க்கலாம்."

"எனக்கு சர்க்கரை கொஞ்சம் தூக்கலா" என்று லொள்ளுவும் லேப்டாப்பைப் பார்த்தே சொன்னான். குரல் கீச்சென்று வந்தது.

நால்வரும் சமையலறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி கதவைச் சாத்திக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தத்தில் பேசினாள்.

"புது மெஷின்தானே? பழைய மெஷின்லருந்து என்ன கொண்டுவந்தீங்க?"

"எதுவுமே இல்ல மேடம். எல்லாத்தையும் விட்டுட்டுத்தான்..." அவள் பாதியில் நிறுத்தினாள். "செட்டிங்ஸ் ஃபோல்டர்."

"அது என்னது?" என்றார் வேன்காரர்.

"எடிட்டரை நம்ம வசதிக்குத் தகுந்த மாதிரி வருஷக்கணக்கா மாத்தி மாத்தி வெச்சிருப்போம்ணா. ஜாவாவுக்கு எவ்வளவு மெமரி, எது எது வேண்டாம், எல்லாம் அதுல இருக்கும். புது மெஷின் வாங்கினா எங்க ஆளுங்க முதல்ல செய்யறது அதைக் காப்பி பண்றதுதான்."

வீட்டை மாற்றுவார்கள், ஊரை மாற்றுவார்கள், பெயரைக்கூட மாற்றிக்கொள்வார்கள். ஆனால் பாடுபட்டுச் சரிசெய்த எடிட்டர் செட்டிங்கை மட்டும் உயிர் போனாலும் விட மாட்டார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால், ஆமாம் என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்வார்கள்.

"அந்த செட்டிங்ஸைச் சரி பண்ணிக் கொடுத்தது யாரு?"

"அவர்தான்" என்றாள் அவள். "அவரும் புரோகிராமர். கல்யாணம் ஆன புதுசு. எடிட்டர் ரொம்ப மெதுவா ஓடுதுன்னு நான் புலம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சரி பண்ணினார். அதுல ஒரு வரி இருக்கு. எடிட்டர் கிளம்பும்போதே கூட இன்னொரு ஃபைலைத் தூக்கிட்டுக் கிளம்புற வரி. இதுதான் வேகத்துக்கு மருந்து, இதை எடுத்தா எடிட்டர் படுத்துடும்னார். நான் தொடவே இல்ல. எவ்வளவு அன்பா செஞ்சு கொடுத்தார்னு..."

வேன்காரர் தங்கையின் தலையில் கை வைத்தார். "சரி விடு. என்மேல சந்தேகப்பட்டியேன்னுதான் கோபம். இப்ப இல்ல." அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"அதை அழிச்சுடலாம் அண்ணி" என்றான் லொள்ளு. "அழிச்சுட்டு, மெஷினையும் கொளுத்திட்டு, சாம்பலைக் கரைச்சுட்டு, நாமளும் ஊரைவிட்டு ஓடிடலாம்."

"அழிச்சா அவனுக்குத் தெரிஞ்சுடும்." அண்ணி புரோகிராமரைப் பார்த்தாள். "நீங்க மெதுவா ஓடுதுன்னே சொல்லிக்கிட்டிருக்கீங்க. நான் வேற கேட்கிறேன். எப்பவாவது வேகமா ஓடியிருக்கா?"

"வேகமாவா?"

"விசிறி சத்தமே இல்லாம. எழுத்தைத் தட்டினா உடனே வர்ற மாதிரி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "ஓடியிருக்கு. முதல் வீட்டுல ஒரு நாள். பறந்தது. வேலை சீக்கிரம் முடிஞ்சதுன்னு பாப்பாவைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டாவது வீட்டுலயும் ஒரு நாள். அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாப்பாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்." திடீரென்று அவள் அடுப்பு மேடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மறுநாள் காலைல ஷூ வந்தது. ரெண்டு தடவையும்."

குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் உட்கார்ந்து பார்க்குறப்ப உங்க திரை அங்க போகுது. அதான் மெஷின் திணறுது, விசிறி கத்துது" என்றாள் அண்ணி. "பார்க்குறதை நிறுத்தினா மெஷின் வேகமாயிடும். எதுக்கு நிறுத்துவான்? கிளம்பிட்டா நிறுத்துவான். விசிறி ஓடுற வரைக்கும் அவன் எங்கயோ ஒரு நாற்காலியில உட்கார்ந்திருக்கான். பயமில்ல. நிக்குற அன்னிக்குத்தான் பயப்படணும்."

"அப்பாடா" என்றான் லொள்ளு. "நல்லவேளை, இப்ப மாவு மில் ஓடிக்கிட்டிருக்கு."

அண்ணி கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

கடைசிச் சொட்டு விழுந்தது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. ஹாலில் இருந்து வர வேண்டிய அந்த இரைச்சல் வரவில்லை. லொள்ளு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். உள்ளறையில் பாப்பா பென்சிலால் காகிதத்தில் உரசுவதுகூடக் கேட்டது.

புரோகிராமர் ஓடிப்போய் ஒரே ஓர் எழுத்தைத் தட்டினாள். எழுத்து உடனே வந்து நின்றது.

தன் கம்ப்யூட்டர் வேகமாக ஓடுவதைப் பார்த்து யாராவது இப்படி அலறி லொள்ளு கண்டதில்லை. அவள் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு அலறினாள். வேன்காரர் அவளைத் தாங்கிப் பிடித்தார். அண்ணி லேப்டாப்பை மூடி, அட்டைப்பெட்டிக்குள் போட்டு, மேலே போர்வையைத் திணித்தாள்.

"பதறாதீங்க. ஒரு நாள் இருக்கு. ரெண்டு தடவையும் மறுநாள்தானே வந்தான்? இந்தத் தடவை வரட்டும். வாசல்லயே மாட்டிக்கட்டும். நான் இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்றேன், எனக்குத் தெரிஞ்ச அம்மாதான். உங்க அண்ணன் இங்க இருக்கட்டும். பாப்பா மட்டும் இந்த வீட்ல இருக்க வேண்டாம்." அவள் கொழுந்தனைப் பார்த்தாள். "நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே."

"நானா?" என்றான் லொள்ளு. "அண்ணி, எனக்கே துணைக்கு ஆள் வேணும்."

"பாப்பா இருக்காளே. துணைக்கு வெச்சுக்கோ."

தாய் குழந்தையைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். குழந்தை தலையாட்டியது. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இந்த வயதில் கேள்வியே கேட்காத குழந்தையை லொள்ளு பார்த்ததே இல்லை, அது அவன் மனதை என்னவோ செய்தது. பைக்கில் போக அவனிடம் இருந்தது ஒரே ஒரு ஹெல்மெட். அதைப் பாப்பாவின் தலையில் கவிழ்த்து வாரை இறுக்கினான். கழுத்து வரை மூடிக்கொண்டது. முகக் கண்ணாடியையும் இறக்கிவிட்டான்.

"மாமா தலைக்கு வேண்டாமா?" என்றது ஹெல்மெட்.

"உள்ள ஏதாவது இருந்தாத்தானே கண்ணு உடையும்?"

பாப்பாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. வெறுங்காலோடு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினான். பின்னால் தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது.

ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இறங்கினான். அண்ணி சொன்னால் சரியாக இருக்கும். அண்ணி தப்பாகச் சொன்னதே இல்லை. இரண்டாவது மாடித் திருப்பம் தாண்டி, பாதிப் படியில் ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

நல்ல இஸ்திரி போட்ட சட்டை. கண்ணாடி. கையில் ஒரு காகிதப் பை. ஏதோ பேங்க் மேனேஜர் மாதிரி களையான முகம். லொள்ளு வழி விட்டு ஒதுங்கினான். அவரும் மரியாதையாக ஒதுங்கினார்.

"சார், மூணாவது மாடியில புதுசா ஒரு குடும்பம் வந்திருக்காங்களாமே, எந்தப் பக்க வீடு?"

லொள்ளுவின் தோளில் ஐந்து சின்ன நகங்கள் சட்டையைத் தாண்டிச் சதைக்குள் இறங்கின. குழந்தை அசையவில்லை, சத்தமிடவில்லை. அந்தப் பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது. லொள்ளுவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவன் எங்கோ தூரத்து ஊர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவில்லை. இதே ஊரில், ஒருவேளை இதே தெருவில் அறை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். அண்ணி முதல் தடவையாகத் தப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஏதாவது சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு ஜோக். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் கைவிடாத வாய் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. திறந்தான். காற்றுதான் வந்தது.

கண்ணாடிக்காரனின் பார்வை குழந்தையின் ஹெல்மெட்டில் பட்டுச் சறுக்கி, கீழே இறங்கி, வெறும் பாதங்களில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. தலையைச் சற்றுச் சாய்த்து அவற்றையே பார்த்தான். இவளைப் பிடுங்கினால் என்ன செய்வேன், உதைப்பேனா, கத்துவேனா, ஓடுவேனா என்று எதுவும் லொள்ளுவுக்குத் தோன்றவில்லை. இறுக்கிக் கட்டிக்கொண்டான். அது ஒன்றுதான் முடிந்தது.

"அப்பா!" என்றது ஹெல்மெட்.

கண்ணாடிக்காரனின் கண் சட்டென்று நிமிர்ந்தது.

குழந்தை லொள்ளுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவன் தாடையில் ஹெல்மெட்டை முட்டியது. ஹெல்மெட்டுக்குள் அடைபட்ட குரல், ஜலதோஷம் பிடித்த எந்தக் குழந்தையின் குரலாகவும் இருக்கலாம். "அப்பா, டாக்டர் ஊசி போட மாட்டார்ல? நீ சொன்னியே, மாத்திரை மட்டும்தான்னு. பொய் சொன்னா நான் வர மாட்டேன்."

"போ... போட மாட்டார்டா" என்றான் லொள்ளு. யாரோ அவன் வாய்க்குள்ளிருந்து கரகரவென்று பேசுவது போல இருந்தது. "அப்பா சொல்றேன்ல. மாத்திரைதான்."

"அம்மாகிட்டயும் சொல்லு."

"சொல்றேன்டா செல்லம்."

கண்ணாடிக்காரனின் முகம் தளர்ந்தது. புன்னகைகூட வந்தது. "பாவம், காய்ச்சலா? சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டான்.

"வலது பக்க வீடு சார்" என்றான் லொள்ளு. அண்ணியும் வேன்காரரும் மூன்று தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருக்கும் வீடு. வேறு எந்த வீட்டைச் சொன்னாலும் இவன் அப்பாவி ஒருவர் கதவைத் தட்டிவிட்டுத் தப்பித்துப் போய்விடுவான் என்று அந்தப் பயத்திலும் அவனுக்குத் தோன்றியிருந்தது. எப்படித் தோன்றியது என்று பின்னால் பலமுறை யோசித்தும் அவனுக்கு விளங்கவில்லை.

இறங்கினான். ஓடக்கூடாது என்று கால்களிடம் கெஞ்சிக்கொண்டே இறங்கினான். மேலே ஏறும் காலடிகள் நிதானமாகக் கேட்டன. தெருவுக்கு வந்ததும் சட்டைப் பையில் இருந்த போனை எடுத்து, அண்ணியின் எண்ணை அழுத்தினான்.

"வந்துட்டான்" என்றான்.

அண்ணி ஒரு நொடிதான் தாமதித்தாள். "பாப்பா?"

"என்கிட்ட."

"பைக்கை அங்கயே விட்டுட்டு நட. திரும்பிப் பார்க்காதே. ஜீப் கிளம்பிடுச்சு. கதவை நாங்க திறக்க மாட்டோம். அவனைப் பேச வெச்சு நிறுத்திக்கிறேன்." போனில் தூரத்தில் கதவு தட்டும் ஓசை மென்மையாக, மரியாதையாகக் கேட்டது. இணைப்பு அறுந்தது.

தெருமுனை திரும்பும்போது சைரன் இல்லாமல் ஒரு ஜீப் எதிரே வந்து அவர்களைக் கடந்தது. அதிலிருந்து காக்கி உடுப்புப் பெண்கள் குதித்து இறங்கி அந்தக் கட்டடத்துக்குள் ஓடுவதை அவன் திரும்பிப் பார்த்துவிட்டான். பார்க்காதே என்று அண்ணி சொன்னதை மீறித்தான் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு ஆணின் குரல் உயர்ந்தது. அதைவிட உயரமாக இன்ஸ்பெக்டர் அம்மாவின் குரல் கேட்டது. அதற்கப்புறம் ஆண் குரல் கேட்கவில்லை.

போன் அதிர்ந்தது. அண்ணியிடமிருந்து ஒரே வார்த்தை: பிடிச்சாச்சு.

லொள்ளு ஒரு பூட்டிய கடையின் படியில் குழந்தையோடு உட்கார்ந்தான். தோளில் நகம் பதிந்த இடம் எரிந்தது. அந்தப் பிடி இன்னும் தளரவில்லை. மெதுவாக முகக் கண்ணாடியை உயர்த்தினான். உள்ளே இரண்டு பெரிய கண்கள் அசையாமல் அவனைப் பார்த்தன.

"போயிட்டாரா?"

"போலீஸ் பிடிச்சுட்டாங்க கண்ணு. இனிமே வர மாட்டார்."

குழந்தை தெருவை இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. யாரும் இல்லை என்று உறுதியானதும் அவன் காதருகே வந்து ரகசியமாகக் கேட்டது.

"மாமா, நான் இப்ப அழலாமா?"

"அழுடா" என்றான் லொள்ளு. அவன் அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தான்.